படைவீரரும் அவரைச் சார்ந்தோரும்: வால்டர் ரீட் மருத்துவமனையில் குடும்பத்தின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

படைத்துறை மருத்துவமனை என்பது காயமுற்ற வீரருக்காக எழுந்த நிறுவனம் என்பதே பரவலான எண்ணம். ஐக்கிய அமெரிக்காவின் படைத்துறை மருத்துவ அமைப்பில் இன்று ஏறத்தாழ 95 இலட்சம் பேர் உரிமை பெற்றுள்ளனர். அவர்களுள் முழுநேரப் பணியில் உள்ள வீரர் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கினரே. எஞ்சியோர் வீரரின் துணைவர், குழந்தைகள், ஓய்வு பெற்றோர், அவர்தம் குடும்பத்தார் முதலியோர் ஆவர். வாஷிங்டனில் 1909இல் தொடங்கிய வால்டர் ரீட் மருத்துவமனையை மையமாகக் கொண்டு, சீருடை அணியாத இம்மக்கள் படைத்துறை மருத்துவமனைக்குள் எவ்வாறு வந்தனர் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. குடும்பத்துக்கு அளிக்கும் மருத்துவம் வீரருக்குரிய பணியின் மிச்சத்தில் வழங்கப்படும் சலுகை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. வீரரின் உயிரைக் காக்கும் திறனே அம்மருத்துவத்தால்தான் நிலைபெறுகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச் சொற்கள்: படைத்துறை மருத்துவமனை, வால்டர் ரீட், சார்ந்தோர், மகப்பேறு, பராமரிப்போர், கட்டடம் 18

முன்னுரை

1909ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் வால்டர் ரீட் பொது மருத்துவமனை திறக்கப்பட்டபோது அங்கிருந்த நோயாளிகள் பத்துப் பேர். படுக்கைகள் எண்பது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும், சில மாதங்களிலேயே அப்படுக்கைகள் 2,500 ஆகப் பெருகின. போர் வந்தால் வீங்குவதும் அமைதி வந்தால் சுருங்குவதும் படைத்துறை மருத்துவமனையின் இயல்பு. அமைதிக் காலத்தில் அக்கட்டடத்தில் யார் படுத்திருக்கிறார்கள் என்னும் வினாவை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை.

மருத்துவமனை தாங்கும் பெயரும் போர்க்காயத்தோடு தொடர்புடையதன்று. வால்டர் ரீட் தரைப்படை மருத்துவர். 1900இல் கியூபாவில் மஞ்சள் காய்ச்சல் ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கி, அந்நோய் கொசுவால் பரவுகிறது என்பதை ஆய்வின்வழி நிறுவியவர். அக்கருத்தைக் கியூப மருத்துவர் கார்லோஸ் பின்லே 1881இலேயே முன்வைத்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. ரீட் 1902இல் குடல்வால் அழற்சியால் இறந்தார். அவருக்கு அறுவை செய்தவர் அவருடைய நண்பர் வில்லியம் போர்டன். தலைநகரில் புதிய படைத்துறை மருத்துவமனை வேண்டும் என்று பின்னர் ஆண்டுக்கணக்கில் வாதாடியவரும் அவரே. தாம் காப்பாற்ற இயலாத நண்பரின் பெயரை அம்மருத்துவமனைக்கு அவர் பெற்றுத் தந்தார்.

இயன்றபோது அளித்த மருத்துவம்

வீரரின் குடும்பத்துக்கு மருத்துவம் அளிப்பது குறித்த அமெரிக்கச் சட்டம் வால்டர் ரீட் மருத்துவமனையைவிட மூத்தது. 1884ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்கக் காங்கிரஸ் சபை இயற்றிய சட்டம், தரைப்படை மருத்துவர்களும் ஒப்பந்த மருத்துவர்களும் அதிகாரிகள், வீரர்கள் ஆகியோரின் குடும்பத்தாரை இயன்றபோதெல்லாம் கட்டணமின்றிக் கவனிக்க வேண்டும் என்று பணித்தது. மேற்கு எல்லைப்புறக் கோட்டைகளில் சுற்று வட்டாரத்தில் வேறு மருத்துவரே இல்லாத நிலையில் இச்சட்டத்தின் தேவை எளிதில் விளங்கும்.

'இயன்றபோதெல்லாம்' என்னும் சொல்லே இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. சட்டம் மருத்துவருக்கு ஒரு கடமையை விதித்தது. ஆனால் குடும்பத்துக்கு ஓர் உரிமையை வழங்கவில்லை. இயலுமா, இயலாதா என்பதை முடிவு செய்பவர் கோட்டையின் மருத்துவரும் அவருடைய மேலதிகாரியுமே. இடமும் ஆளும் இருந்தால் மருத்துவம் கிடைத்தது. இல்லையெனில் மனைவியும் குழந்தையும் தம் வழியைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த ஒரு சொல் பல்லாண்டுகள் படைக்குடும்பங்களின் உடல்நலத்தை ஆண்டது எனலாம்.

இரண்டாம் உலகப் போர் இந்த ஏற்பாட்டைத் தகர்த்தது. கட்டாயப் படைச்சேர்ப்பின்வழி இலட்சக்கணக்கான இளைஞர் படையில் சேர்ந்தனர். அவர்களுள் பலர் புதிதாக மணம் புரிந்தவர்கள். கடைநிலை வீரரின் ஊதியத்தில் பேறுகாலச் செலவைத் தாங்க முடியவில்லை. படைமுகாம்களை அடுத்த மருத்துவமனைகளில் கருவுற்ற பெண்களுக்கு இடமும் இல்லை. 1943இல் நெருக்கடிக் கால மகப்பேறு, குழந்தைநலத் திட்டம் உருவானது. ஊதியப் படிநிலையில் கடைசி நான்கு நிலைகளில் இருந்த வீரரின் மனைவியர்க்கும் ஒரு வயது நிரம்பாத குழந்தைகளுக்கும் அரசின் செலவில் மருத்துவம் அளித்தது அத்திட்டம். அதை நடத்தியது படைத்துறை அன்று. குழந்தைகள் நலனுக்கான கூட்டரசுத் துறை. போர் உச்சத்தில் நாட்டில் நிகழ்ந்த ஏழு பேறுகளில் ஒன்று இத்திட்டத்தின்கீழ் வந்தது. 1949இல் அது முடிவுறும்போது சுமார் 12 இலட்சம் தாய்மார்கள் பயன் பெற்றிருந்தனர்.

போர் ஓய்ந்த பின் திட்டம் மறைந்தது. தேவை மறையவில்லை. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கா முன்னெப்போதும் இல்லாத அளவில் நிலையான பெரும்படையை வைத்திருக்க முற்பட்டது. மணமான வீரர்களைப் பணியில் நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. பணியில் இருந்த வீரரின் குடும்பத்தாருள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்குப் படைத்துறை மருத்துவமனை எட்டும் தொலைவில் இல்லை எனப் பாதுகாப்புத் துறை 1956இல் மதிப்பிட்டது. தொலைதூர முகாம் ஒன்றில் பணிபுரியும் வீரரின் மனைவியும் வால்டர் ரீட் மருத்துவமனைக்கு அருகில் குடியிருக்கும் அதிகாரியின் மனைவியும் சட்டத்தின் முன் ஒரே நிலையினர். நடைமுறையில் இருவேறு உலகத்தினர்.

1956ஆம் ஆண்டின் சார்ந்தோர் மருத்துவச் சட்டம் இவ்வேற்றுமையைக் களைய முயன்றது. படைத்துறை மருத்துவமனை எட்டாத குடும்பத்தார் பொது மருத்துவமனைகளில் அரசுச் செலவில் மருத்துவம் பெற வழி ஏற்பட்டது. முதியோர்க்கான பொதுக் காப்பீட்டின் பெயராக இன்று உலகறிந்த 'மெடிகேர்' என்னும் சொல், அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே படைக்குடும்பங்களுக்கான இத்திட்டத்தைக் குறிக்க வழங்கியது. 1966இல் இச்சட்டம் மேலும் விரிந்து ஓய்வு பெற்றோரையும் உள்ளடக்கியது. 1990களில் 'டிரைகேர்' என்னும் இன்றைய காப்பீட்டு அமைப்பாக அது உருமாறியது.

யார் குடும்பம்?

உரிமை என்று ஒன்று வந்தவுடன் அது யாருக்கு உரியது என்னும் வரையறையும் தேவையாகிறது. அமெரிக்கச் சட்டம் பயன்படுத்தும் 'டிபெண்டன்ட்' என்னும் சொல்லைச் 'சார்ந்தோர்' எனத் தமிழில் தரலாம். இச்சொல் உறவை மட்டும் குறிப்பதில்லை. பொருளியல் நிலையையும் குறிக்கிறது. யார் யாருடைய வருவாயில் வாழ்கிறார் என்னும் கணக்கு அதனுள் ஒளிந்திருக்கிறது.

துணைவர், 21 வயதுக்குட்பட்ட பிள்ளை, முழுநேரம் பயில்வோராயின் 23 வயது வரை, தன்னைத் தானே பேணவியலாத குறைபாடுடைய பிள்ளையாயின் அதற்கு மேலும் என்று சட்டம் வகுத்துச் செல்கிறது. பெற்றோரும் துணைவரின் பெற்றோரும் ஒரு நிபந்தனையோடு இடம்பெறுகின்றனர். தம் வாழ்க்கைச் செலவில் பாதிக்கு மேல் வீரரையே நம்பி, அவர் இல்லத்திலேயே வாழ்பவராக இருக்க வேண்டும். அப்போதும் படைத்துறை மருத்துவமனையில் இடமிருந்தால் மட்டுமே அவர்களுக்கு மருத்துவம். வெளி மருத்துவத்துக்கான காப்பீடு அவர்களைச் சேர்வதில்லை. 1884ஆம் ஆண்டின் 'இயன்றபோதெல்லாம்' பெற்றோர் அளவில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

இவ்வரையறையின் உள்முரண் வெளிப்பட்டது ஒரு வழக்கில். ஷாரன் பிரான்டியேரோ அலபாமா மாநிலத்தின் மேக்ஸ்வெல் விமானப்படைத் தளத்தில் பணியாற்றிய லெப்டினன்ட். அத்தள மருத்துவமனையில் இயன்முறை மருத்துவர். தம் கணவருக்கு மருத்துவ உரிமையும் தமக்குக் கூடுதல் வீட்டு வாடகைப் படியும் கேட்டார். மறுக்கப்பட்டது. ஆண் வீரரின் மனைவி எந்தச் சான்றும் இன்றிச் 'சார்ந்தோர்' ஆகிவிடுவார். பெண் வீரரின் கணவரோ தம் செலவில் பாதிக்கு மேல் மனைவியை நம்பியிருப்பதை மெய்ப்பிக்க வேண்டும். கல்லூரி மாணவராக இருந்த அவருடைய கணவரின் மாதச் செலவு 354 டாலர். முன்னாள் படைவீரர் என்ற வகையில் அவருக்குக் கிடைத்த உதவித்தொகை 205 டாலர். கணக்கு ஒத்துவரவில்லை. மருத்துவமனையில் நோயாளிகளைப் பேணிய பெண்ணின் கணவர் அம்மருத்துவமனையின் கதவுக்கு வெளியே நின்றார்.

1973ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் இவ்விதி அரசமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. பின்னாளில் அதே நீதிமன்றத்தின் நீதிபதியான ரூத் பேடர் கின்ஸ்பர்க் இவ்வழக்கில் வழக்குரைஞராக வாதுரைத்தார். பாலினச் சமத்துவ வரலாற்றில் இத்தீர்ப்பு பெரிதும் பேசப்படுகிறது. அது படைத்துறை மருத்துவமனையின் கதவில் தொடங்கிய வழக்கு என்பது அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. இவ்வரையறை நாற்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் ஒருமுறை விரிந்தது. 2013இல் வின்ட்சர் வழக்கின் தீர்ப்புக்குப் பின் ஒருபால் திருமணத் துணைவர்களும் இவ்வுரிமை பெற்றனர்.

குழந்தைகள் பிரிவில் ஒரு கண்டுபிடிப்பு

குடும்பங்களுக்கான மருத்துவம் படைத்துறைக்கு ஒரு சுமை என்னும் வாதம் அமெரிக்கப் படைத்துறை வட்டாரங்களில் அடிக்கடி எழுவது. அதற்கு எதிராக முதலில் எடுத்துக்காட்டத்தக்கது வால்டர் ரீட் மருத்துவமனையிலேயே நிகழ்ந்தது.

1950களின் தொடக்கத்தில் அங்குக் குழந்தைகள் பிரிவின் தலைவராக இருந்தவர் கர்னல் ஆக்டன் புரூட்டன். அவரிடம் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான். நியூமோகாக்கஸ் நுண்ணுயிரால் அவனுக்குக் கடும் தொற்று மீண்டும் மீண்டும் ஏற்பட்டது. மருந்து கொடுத்தால் குணமாகும். சில காலம் சென்றபின் மறுபடியும் வரும். அந்நுண்ணுயிருக்கு எதிரான தடுப்பூசி செலுத்திப் பார்த்தார் புரூட்டன். சிறுவனின் உடலில் எதிர்ப்புப் பொருள் உருவாகவேயில்லை. குருதிப் புரதங்களை மின்புலத்தில் பிரித்துக் காட்டும் கருவி அப்போது புதிது. அதில் ஆய்ந்தபோது காமா குளோபுலின் என்னும் புரதக் கூறு அவன் குருதியில் காணப்படவில்லை. எதிர்ப்புப் பொருள்கள் அக்கூற்றில்தான் அடங்கியுள்ளன.

புரூட்டன் நோயைக் கண்டறிந்ததோடு நிற்கவில்லை. பிறரின் குருதியிலிருந்து பிரித்தெடுத்த காமா குளோபுலினைச் சிறுவனின் தோலுக்கடியில் மாதந்தோறும் செலுத்தினார். தொற்றுகள் நின்றன. இதனை 1952இல் அவர் வெளியிட்டார். பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடு என்னும் மருத்துவத் துறையின் தொடக்கப்புள்ளியாக அக்கட்டுரை இன்று கருதப்படுகிறது. அவர் காட்டிய மாற்றுச் சிகிச்சையின் அடிப்படை இன்றும் அதுவே.

கதை அத்தோடு முடியவில்லை. இக்குறைபாட்டுக்குக் காரணமான மரபணு 1993இல் கண்டறியப்பட்டபோது, அது ஆக்கும் நொதிக்குப் புரூட்டன் டைரோசின் கைனேஸ் என்று பெயரிடப்பட்டது. அந்நொதியைத் தடுக்கும் மருந்துகள் இன்று சிலவகை இரத்தப் புற்றுநோய்களுக்கும் நிணநீர்ப் புற்றுநோய்களுக்கும் வழங்கப்படுகின்றன. படைக்குடும்பங்களின் குழந்தைகளுக்கென ஒரு பிரிவு அம்மருத்துவமனையில் இல்லாதிருந்தால் இக்கண்டுபிடிப்பு வேறெங்கோ வேறொருவரால் நிகழ்ந்திருக்கலாம். அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் நிகழ்ந்த இடம் இதுவே. காயமுற்ற வீரருக்காகக் கட்டிய மருத்துவமனையில் ஒரு குழந்தையின் நோயிலிருந்து மருத்துவம் ஒரு புதிய துறையைப் பெற்றது.

படுக்கையருகே இருப்பவர்

குடும்பத்தார் மருத்துவமனைக்குள் வரும் இன்னொரு வழி உண்டு. அங்கு அவர்கள் நோயாளியாக வருவதில்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்ள வருகின்றனர். தமிழ் ஆய்வாளர்க்கு இது புதிய செய்தியன்று. போரில் புண்பட்ட கணவனைப் பேய் நெருங்காதவாறு மனைவி காத்து நிற்பதைத் தொல்காப்பியப் புறத்திணையியல் தொடாக் காஞ்சி எனத் தனித் துறையாகவே வகுத்துள்ளது. வேம்பு செருகி, வெண்சிறுகடுகு சிதறி, நறும்புகை எழுப்பிப் புண்பட்டவனைக் காக்கும் காட்சியை அரிசில் கிழாரின் புறநானூற்றுப் பாடல் (281) தருகிறது. அங்கு இல்லமே மருத்துவமனை. நவீன அரசு புண்பட்ட உடலை இல்லத்திலிருந்து பிரித்துத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பிரித்த பிறகு அந்தக் காவலருக்கு எங்கு இடம் என்று நெடுங்காலம் அது கேட்டுக்கொள்ளவில்லை.

இக்கேள்வி கூர்மையடைந்ததற்கு மருத்துவ முன்னேற்றமே காரணம். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற அமெரிக்க வீரருள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் இறந்தனர். வியட்நாமில் 24 விழுக்காட்டினர். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் இது 10 விழுக்காட்டளவுக்குக் குறைந்ததை அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே 2004இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். வியட்நாமில் காயமுற்றவர் தாய்நாட்டு மருத்துவமனையை அடையச் சராசரியாக 45 நாள்கள் ஆயின. ஈராக்கிலிருந்து நான்கு நாள்களுக்குள் வந்து சேர்ந்தனர். முன்பாயின் களத்திலேயே மாண்டிருக்கக்கூடியவர்கள் இப்போது கைகால் இழந்தும் தலையில் கடுங்காயத்தோடும் உயிருடன் வால்டர் ரீட் மருத்துவமனைக்கு வந்தனர். அவர்கள் தேறுவதற்கு மாதங்கள் தேவைப்பட்டன, சிலருக்கு ஆண்டுகள்.

கடுங்காயமுற்றவரின் உறவினரை அரசுச் செலவில் வரவழைக்கும் வழக்கம் படைத்துறையில் உண்டு. வந்தவர் எங்குத் தங்குவது என்பதற்கு விடை அரசிடமிருந்து அன்றி ஒரு தனியார் கொடையாளரிடமிருந்து வந்தது. நியூயார்க் கட்டட முதலாளி சக்காரி பிஷர் காலில் ஏற்பட்ட காயத்தால் படையில் சேர இயலாது போனவர். அவரும் மனைவி எலிசபெத்தும் படைத்துறை மருத்துவமனைகளின் வளாகத்திலேயே குடும்பத்தார் கட்டணமின்றித் தங்கும் இல்லங்களை எழுப்பினர். முதல் பிஷர் இல்லம் 1990இல் மேரிலாந்து மாநிலத்தின் பெதஸ்தா கடற்படை மருத்துவமனையில் திறக்கப்பட்டது. இன்று இத்தகைய இல்லங்கள் தொண்ணூறுக்கும் மேல்.

ஆனால் 2007இல் வெளிவந்த செய்தி, தங்குமிடம் மட்டும் போதாது என்பதைக் காட்டியது. அவ்வாண்டு பிப்ரவரி 18ஆம் நாள் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழ் வால்டர் ரீட் வளாகத்தின் புறநோயாளர் நிலையைப் பற்றிய தொடரைத் தொடங்கியது. எழுதியவர்கள் டானா பிரீஸ்ட், ஆன் ஹல் ஆகியோர். வளாக வாயிலுக்கு வெளியே, சாலைக்கு மறுபுறம் இருந்த பழைய விடுதியொன்று 'கட்டடம் 18' என்னும் பெயரில் தேறிவரும் வீரரின் உறைவிடமாக இருந்தது. அங்குச் சுவரில் பூஞ்சை படிந்திருந்தது. எலியும் கரப்பானும் திரிந்தன. நாட்டை உலுக்கியது அக்காட்சியே.

என் பார்வையில் அத்தொடரின் அழுத்தமான பகுதி பூஞ்சைச் சுவர் அன்று. உள்நோயாளர் ஒருவருக்குப் புறநோயாளர் 17 பேர் என்ற விகிதத்தில் வீரர்கள் அங்குத் தங்கியிருந்தனர். ஒரு வீரர் எட்டு வெவ்வேறு அலுவலகப் பிரிவுகளிடம் 22 ஆவணங்களை அளிக்க வேண்டியிருந்தது. தலைக்காயத்தால் நினைவு தடுமாறும் ஒருவரால் இது ஆகுமா? அப்பணி மனைவியர் மீதும் தாய்மார் மீதும் விழுந்தது. மருந்து வேளையை நினைவில் வைப்பதும், மருத்துவர் குறித்த நாளில் அழைத்துச் செல்வதும், படிவங்களுக்காக அலைவதும் அவர்களே. மருத்துவமனையின் நடைமுறை அவர்களுடைய உழைப்பை நம்பியே இயங்கியது. அதன் ஏடுகளில் அவர்கள் வருகையாளர் மட்டுமே.

அறுவை அரங்கில் வால்டர் ரீட் மருத்துவர்களின் திறனை யாரும் குறை சொல்லவில்லை என்பதையும் இங்குப் பதிவு செய்ய வேண்டும். படுக்கையிலிருந்து எழுந்த பின்னரே வீரர் கைவிடப்பட்டார். மருத்துவமனைத் தளபதி பதவியிலிருந்து நீக்கப்பட்டார். தரைப்படைச் செயலர் பிரான்சிஸ் ஹார்வி பதவி விலகினார். அத்தொடருக்குப் பொதுப்பணிக்கான புலிட்சர் பரிசு 2008இல் கிடைத்தது.

அரசு அமைத்த ஆணையத்துக்கு முன்னாள் செனட்டர் பாப் டோலும் முன்னாள் அமைச்சர் டோனா ஷலாலாவும் தலைமை தாங்கினர். காயமுற்ற வீரரைப் பேணும் உறவினருக்கு நீண்ட விடுப்பு வேண்டும் என்பது அவ்வாணையத்தின் பரிந்துரைகளுள் ஒன்று. 2008ஆம் ஆண்டுச் சட்டம் ஓராண்டுக் காலத்துக்குள் 26 வாரம் வரை பணி இழக்காமல் ஊதியமில்லா விடுப்பு எடுக்க வழி செய்தது. இச்சட்டத்தில் குடும்பம் என்பதன் எல்லை மருத்துவ உரிமைச் சட்டத்தில் உள்ளதைவிட அகன்றது. துணைவர், பிள்ளை, பெற்றோர் ஆகியோரோடு மிக நெருங்கிய இரத்த உறவினர் ஒருவரையும் அது ஏற்றது. மருத்துவம் பெறும்போது 'சார்ந்தோர்' ஆகாத உடன்பிறப்பு, மருத்துவப் பணியைச் சுமக்கும்போது குடும்பம் ஆகிவிடுகிறார்! 2010இல் இயற்றப்பட்ட இன்னொரு சட்டம், 2001 செப்டம்பர் நிகழ்வுக்குப் பின்னர்க் கடுங்காயமுற்ற முன்னாள் வீரரைப் பேணுவோர்க்கு மாத உதவித்தொகை வழங்கியது. 2018ஆம் ஆண்டுச் சட்டம் அதனை முந்தைய போர்களின் வீரர்க்கும் விரித்தது.

பழைய வால்டர் ரீட் வளாகம் 2011 ஆகஸ்டில் மூடப்பட்டது. 2007இன் செய்தி அதற்குக் காரணம் அன்று. படைத்தளங்களைக் குறைக்கும் 2005ஆம் ஆண்டுத் திட்டத்திலேயே அம்முடிவு எடுக்கப்பட்டிருந்தது. பெதஸ்தா கடற்படை மருத்துவமனையோடு இணைந்து அது இன்று வால்டர் ரீட் தேசியப் படைத்துறை மருத்துவ மையம் என வழங்குகிறது.

அமைதிக் காலமும் அறுவை மருத்துவரின் கையும்

போர் இல்லாத காலத்தில் படைத்துறை அறுவை மருத்துவர் எதைச் செய்து தம் திறனைப் பேணுவார்? படையினர் பெரும்பாலும் இளைஞர், உடல்வலிமை மிக்கவர். அவர்களுக்கு முழங்கால் வலி வரும்; குடல்வால் அழற்சி வரும்; பெருநோய்கள் அரிதாகவே வரும். குருதி பெருக்கெடுக்கும் வயிற்றையோ அடைபட்ட நாளத்தையோ கையாளும் பழக்கம் முதியோரும் குழந்தைகளும் பேறுகாலப் பெண்களும் வரும் மருத்துவமனையில்தான் கிட்டும். அமெரிக்கப் படைத்துறை மருத்துவமனைகளில் உள்நோயாளராகச் சேர்வதற்கான காரணங்களில் மகப்பேறே முதலிடம் பெறுகிறது. பேற்றுக்குப் பின் திடீரெனக் குருதி கொட்டும் தாயைக் காக்க விரைந்து முடிவெடுத்துக் குருதி ஏற்றும் குழு, களத்தில் கண்ணிவெடியில் சிக்கியவரைக் காக்கும் பழக்கத்தையும் ஓரளவு பெற்றுவிடுகிறது. ஓய்வு பெற்ற வீரரின் இதய நாளத்தைச் சீர்செய்யும் கைக்கு, இளம் வீரரின் தொடையில் அறுந்த நாளம் புதிதாக இராது.

ஒரு போரில் கற்ற மருத்துவத்தை அடுத்த போருக்குள் மறந்துவிடும் இப்போக்கைப் பிரித்தானியப் படைத்துறை மருத்துவர்கள் தம் அறுவை மருத்துவத் தலைவர்களுள் ஒருவரான அலஸ்டேர் வாக்கர் பெயரால் 'வாக்கர் சரிவு' என்று சுட்டினர். பிரித்தானியாவோ தன் படைத்துறை மருத்துவமனைகளை 1990களில் ஒன்றன்பின் ஒன்றாக மூடிவிட்டது. 1753இல் நோயாளிகளை ஏற்கத் தொடங்கிய ஹாஸ்லர் மருத்துவமனையே கடைசியாக எஞ்சியது. அதுவும் 2009இல் மூடப்பட்டது. அந்நாட்டுப் படை மருத்துவர்கள் இன்று பொது மருத்துவமனைகளில் பணியாற்றித் திறன் பேணுகின்றனர். அங்கு இது இயன்றதற்கு ஒரு காரணம் உண்டு. 1948 முதல் நாட்டு மக்கள் அனைவருக்கும் பொது மருத்துவச் சேவை இருப்பதால், படைத்துறை மருத்துவமனை மூடப்பட்டாலும் வீரரின் குடும்பம் மருத்துவமின்றி நிற்பதில்லை. அமெரிக்காவில் அத்தகைய பொதுச் சேவை இல்லை. அங்குக் குடும்பத்துக்கான மருத்துவம் வீரரோடு அரசு செய்துகொள்ளும் உடன்பாட்டின் ஒரு பகுதி. பிரித்தானிய வழியை அமெரிக்காவுக்குப் பரிந்துரைப்போர் இவ்வேற்றுமையைக் கருத்தில் கொள்வதில்லை.

இருப்பினும் 2017ஆம் நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அமெரிக்காவும் அத்திசையில் சில அடிகள் வைத்தது. மருத்துவமனைகளின் நிர்வாகம் தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றிடமிருந்து பொதுவான பாதுகாப்பு நலவாழ்வு முகமைக்கு மாறியது. படைத்துறை மருத்துவம் போருக்கு ஆயத்தமாவதில் மட்டும் கருத்தூன்ற வேண்டும் என்பது அக்காலத்தின் முழக்கம். சீருடை அணிந்த மருத்துவப் பணியிடங்களில் சுமார் 18,000ஐக் குறைக்கத் திட்டமிடப்பட்டது. 2020 பிப்ரவரியில் வெளியான அறிக்கை 50 மருத்துவ நிலையங்களின் பணியைச் சுருக்க முன்மொழிந்தது. அவற்றுள் பெரும்பாலானவை பணியிலுள்ள வீரரை மட்டுமே பார்க்கும் நிலையங்களாக மாற இருந்தன. குடும்பத்தாரும் ஓய்வு பெற்றோருமாகச் சுமார் 2 இலட்சம் பேர் வெளி மருத்துவர்களிடம் செல்ல வேண்டியிருந்தது.

விளைவு இருபுறமும் வெளிப்பட்டது. சிற்றூர்களை அடுத்த தளங்களில் வெளி மருத்துவர் போதிய அளவில் இல்லை. குடும்பங்கள் காத்திருந்தன. மருத்துவமனைக்குள்ளோ நோயாளிகள் குறையக் குறைய மருத்துவர்க்குப் பயிற்சியும் குறைந்தது. திறன் மிக்கோர் சிலர் வெளியேறவும் தொடங்கினர். குடும்பத்தை விலக்கிப் போர் ஆயத்தத்தைப் பெருக்கலாம் என்ற கணக்கு போர் ஆயத்தத்தையே அரித்தது. சான் அன்டோனியோ நகரின் புரூக் படைத்துறை மருத்துவ மையம் மட்டும் இதற்கு ஓரளவு விலக்கு. நகரில் விபத்துக்குள்ளாகும் பொதுமக்களையும் அது நெடுங்காலமாக ஏற்று வருவதால், அங்குள்ள அறுவை மருத்துவர்க்குக் கடுங்காயங்கள் அமைதிக் காலத்திலும் அன்றாடப் பணியாகவே உள்ளன.

2023 டிசம்பரில் பாதுகாப்புத் துணைச் செயலர் கேத்லீன் ஹிக்ஸ் வெளியிட்ட ஆணை இப்போக்கைத் திருப்பியது. வெளி மருத்துவத்துக்கு அனுப்பப்பட்ட பயனாளர்களை மீண்டும் படைத்துறை மருத்துவமனைகளுக்கு ஈர்க்க வேண்டும். 2026 இறுதிக்குள் 7 விழுக்காட்டினரையாவது கூடுதலாகத் திரும்பக் கொணர வேண்டும் என்பது அதன் இலக்கு. 1884இல் 'இயன்றபோதெல்லாம்' கவனிக்கப்பட்ட குடும்பம் இப்போது வர வேண்டும் என்று அழைக்கப்படுகிறது. ஆனால் அழைக்கப்படுவோருள் பலர் சில ஆண்டுகளுக்கு முன் அதே வாயிலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். இடைக்காலத்தில் வேறொரு மருத்துவரைத் தேடிக் கண்டு, அவரிடம் பழகி, குழந்தையின் தடுப்பூசி ஏடு முதற்கொண்டு அவரிடமே ஒப்படைத்துவிட்டவர்கள்.